தீவில் இறங்காத பறவைகள்

ஹெல்கோலாந்துத் தீவுக்கு மே மாதத்தில் பறவை பார்க்கப் போகிறவர்கள் வேண்டிக்கொள்ளும் வானிலை வேறு, பறவைகளுக்கு வேண்டிய வானிலை வேறு. முன்னிரவில் வானம் தெளிந்து தெற்கிலிருந்து காற்று வீச வேண்டும். அதை நம்பிப் பறவைகள் கடலுக்கு மேல் புறப்பட்டபின் நள்ளிரவில் மேகம் கவிய வேண்டும். விடியும் முன் எதிர்க்காற்றும் தூறலும் சேர்ந்துகொள்ள வேண்டும். இப்படி அமைந்துவிட்டால் மறுநாள் காலை புல்வெளி, வேலிக்கம்பி, வீட்டுத் தோட்டம், துறைமுகத்துக் கற்குவியல் என்று எங்கு பார்த்தாலும் சிறு பறவைகள் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். பார்க்க வந்தவர்களுக்குக் கொண்டாட்டம். இரவு முழுவதும் பின்காற்றும் நட்சத்திரமுமாக இருந்துவிட்டாலோ தீவில் ஒன்றும் இருக்காது. உண்மையில் வலசை நன்றாக நடந்த இரவு அதுதான். பறவைகள் தீவைப் பொருட்படுத்தாமல் உயரே கடந்துபோயிருக்கும்.

சிறு தீவுகளில் உட்கார்ந்து வசந்தகால வலசையைக் கவனிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. அன்றிலிருந்து ஒரே கேள்விதான் வெவ்வேறு உருவில் திரும்பத் திரும்ப எழுந்திருக்கிறது: தீவில் இறங்கிய பறவையை வைத்து, இறங்காமல் போன பறவைகளைப் பற்றி என்ன சொல்ல முடியும்? எத்தனை பறவைகள் போகின்றன என்று கேட்டால் சிறு தீவு நம்பத்தகாத சாட்சி. எப்போது போகின்றன, என்ன உடல்நிலையில் போகின்றன என்று கேட்டால் அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. இதுவே என் முடிவு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் பெரிய பெரிய அறிஞர்கள் செய்த பிழைகள்தான் இந்தத் துறையின் வரலாற்றில் சுவையான பகுதி.

ஹெல்கோலாந்து வடகடலின் தென்கிழக்கு மூலையில், ஜெர்மனியின் கரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளி நிற்கும் செம்மணற்பாறை. பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர். பக்கத்தில் டூனே என்ற மணல்திட்டு 0.7 சதுர கிலோமீட்டர். 1720-ஐ ஒட்டி வந்த புயல்வெள்ளம் பிரிக்கும்வரை இரண்டும் ஒரே நிலமாக இருந்தன. 1807 முதல் பிரிட்டன் வசம் இருந்த இந்தத் தீவு, சான்சிபாரை ஒட்டிய ஒப்பந்தம் ஒன்றில் 1890-இல் ஜெர்மனியின் கைக்குப் போனது. ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் ஐரோப்பாவிலிருந்தும் ஸ்காண்டிநேவியாவுக்குத் திரும்பும் சிறு பறவைகள் இந்த வளைகுடாவைக் குறுக்கே கடக்கின்றன. நடுக்கடலில் அவை கால்வைக்க வேறு இடம் கிடையாது.

இங்கே 1837-இல் கடலை வரைவதற்காக ஓர் இளம் ஓவியர் வந்தார். பெயர் ஹைன்ரிஷ் கேட்கே. வந்தவர் தீவிலேயே தங்கி, அரசுச் செயலராக வேலை பார்த்து, 1897-இல் சாகும்வரை பறவைகளை எழுதிவைத்தார். தீவுக்காரர்களுக்குப் பறவை என்றால் உணவு. இலையில்லாத குச்சிகளை வரிசையாக நட்டுப் பொய்ப்புதர் ஒன்று செய்வார்கள். ஒரு பக்கம் வலை கட்டுவார்கள். மரமே இல்லாத தீவில் களைத்து இறங்கும் பூங்குருவிகள் அதை மறைவிடம் என்று நம்பி நுழையும். சட்டியில் போடுவதற்கு முன், விசித்திரமாக ஏதாவது மாட்டியிருந்தால் கேட்கேயிடம் கொண்டுவந்து காட்டும் பழக்கம் அவர்களுக்கு ஏற்பட்டது. ஐம்பதாண்டுக் குறிப்புகளைத் திரட்டி அவர் 1891-இல் வெளியிட்ட நூலில் ஏறக்குறைய 400 இனங்கள் பதிவாகின. ஒரு சதுர கிலோமீட்டர் பாறையில் 400 இனம்! சைபீரியப் பறவை, அமெரிக்கப் பறவை எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. ஐரோப்பியப் பறவையியலாளர்கள் வியந்துபோனார்கள்.

அந்த நூலில்தான் புகழ்பெற்ற ஒரு தவறும் இருக்கிறது. நீலத்தொண்டைக் குருவி குளிர்காலத்தை வடகிழக்கு ஆப்பிரிக்காவில் கழிக்கிறது; வசந்தத்தில் ஹெல்கோலாந்தில் விடியற்காலையில் தென்படுகிறது; இடையில் உள்ள நாடுகளில் அதை யாரும் அவ்வளவாகக் கண்டதாகத் தெரியவில்லை. ஆகவே அது அந்தத் தூரம் முழுவதையும் ஒரே இரவில் பறந்துவிடுகிறது என்று கேட்கே முடிவுகட்டினார். கணக்குப் போட்டால் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. பதினைந்து இருபது கிராம் எடையுள்ள குருவி காற்றில்லாத வானில் மணிக்கு நாற்பது ஐம்பது கிலோமீட்டர் பறந்தாலே அதிகம். கேட்கே கூர்மையான கண்ணுள்ளவர். அவர் எழுதிய குறிப்புகளில் பெரும்பாலானவை நிலைத்துவிட்டன. ஆனால் காணாத இடத்தில் பறவை இறங்கவே இல்லை என்று எடுத்துக்கொண்டார். கண்டம் முழுக்கப் புதரும் வயலும் சதுப்புமாகப் பரந்து கிடக்கும்போது ஒரு குருவி எங்கே ஒளிந்தாலும் தெரியாது. மொட்டைத் தீவில் இறங்கினால் உடனே தெரியும். பார்வைக்கு எளிதாகப் படுவதும் எண்ணிக்கையில் மிகுதியாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

அவருக்குப் பின் வந்தவர்கள் கண்ணை மட்டும் நம்பவில்லை. டென்மார்க்கின் வீபோர் ஊரில் பள்ளி ஆசிரியர் மோர்ட்டென்சன் 1899-இல் சோளப்பறவைகளின் காலில் எண்ணிட்ட அலுமினிய வளையங்களை மாட்டிப் பறக்கவிட்டார். 1901-இல் யோஹன்னெஸ் தீனெமான் பால்டிக் கரையின் ரோசிட்டெனில் உலகின் முதல் பறவை ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். ஹெல்கோலாந்தில் 1910-இல் ஹூகோ வைகோல்ட் இரண்டாவது நிலையத்தை அமைத்தார். தீவுக்காரர்களின் பொய்ப்புதரையே அவர் எடுத்துப் பெரிதாக்கினார். உண்மையான புதர்களை வளர்த்து, மேலே கம்பிவலையால் புனல் போல மூடி, குறுகும் முனையில் கண்ணாடி வைத்த பெட்டியைப் பொருத்தினார்கள். பின்னாலிருந்து மெல்ல நடந்தால் பறவைகள் முன்னே ஒதுங்கி ஒதுங்கிப் பெட்டிக்குள் போய்விடும். எடை பார்த்து, இறக்கையை அளந்து, வளையம் போட்டு விட்டுவிடலாம். சமையலுக்காக உண்டான தந்திரம் இப்படி அறிவியல் கருவியாயிற்று. இன்றும் உலகெங்கும் அதற்கு ஹெல்கோலாந்துப் பொறி என்றே பெயர். வேல்ஸ் கரையோரத்து ஸ்கோக்ஹோம் தீவில் ரொனால்ட் லாக்லி 1933-இல் ஒன்று கட்டினார். பிரிட்டனின் முதல் பறவை ஆய்வு நிலையம் அந்தத் தீவில்தான் அமைந்தது. அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தின் மே தீவிலும் ஒன்று.

ஹெல்கோலாந்தின் கதி இடையில் மோசமானது. 1945 ஏப்ரல் 18 அன்று ஏறத்தாழ ஆயிரம் பிரிட்டிஷ் விமானங்கள் வந்து குண்டு போட்டன. மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். சரியாக ஈராண்டு கழித்து, 1947 ஏப்ரல் 18 அன்று, தீவின் ராணுவச் சுரங்கங்களைத் தகர்க்க 6,700 டன் அளவுக்கு வெடிபொருள் ஒரே நேரத்தில் வெடிக்கவைக்கப்பட்டது. தீவின் தென்பகுதி உருமாறிப்போனது. இந்த நாளைக் குறித்த யாரும் அது வசந்தகால வலசையின் நடுக்காலம் என்பதை யோசித்திருக்க வாய்ப்பில்லை. 1952-இல் தீவு திரும்பக் கொடுக்கப்பட்டது. 1953-இல் ஆய்வு நிலையம் மறுபடி இயங்கியது. பொறித்தோட்டத்தைப் புதிதாக நட்டு வளர்த்தார்கள்.

கேட்கேயின் தவறு வேகத்தைப் பற்றியது. அடுத்த தலைமுறையின் சண்டை பாதையைப் பற்றியது. ஷெட்லாந்துக்கும் ஆர்க்னிக்கும் நடுவே ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள ஃபேர் ஐலுக்கு 1905-இல் வில்லியம் ஈகிள் கிளார்க் போனார். அதற்கு முன்பே எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்திலும், கடலில் நங்கூரமிட்ட விளக்குக் கப்பலிலும் வாரக்கணக்கில் தங்கிப் பறவை பார்த்த பிடிவாதக்காரர் அவர். ஃபேர் ஐலில் எதிர்பாராத கிழக்கத்திய இனங்கள் வந்து குவிவதைக் கண்ட பலர், வலசைப் பாதையே அந்தத் தீவின் மேல்தான் போகிறது என்று எண்ணினார்கள். வரைபடத்தில் கோடு போட்டுத் தீவுகளை இணைப்பது சுலபம்; பறவைகளும் அந்தக் கோட்டில் போகும் என்று நம்புவது அதைவிடச் சுலபம்.

இதை மறுத்தவர்கள் ஈவ்லின் பேக்ஸ்டர், லியோனோரா ரின்டோல் என்ற இரண்டு பெண்கள். நண்பர்களான இருவரும் 1907 முதல் மே தீவுக்குப் பயணம் போய்வந்தார்கள். இரண்டு கிலோமீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள அந்தத் தீவில் அவர்கள் குறித்தது பறவைகளை மட்டுமல்ல, காற்றையும். ஸ்காண்டிநேவியாவுக்குரிய பறவைகள் அங்கே இறங்குவது கிழக்குக் காற்று வீசும் நாட்களில்தான் என்று கண்டார்கள். அப்படியானால் தீவு அவற்றின் பாதையில் இல்லை; காற்று அவற்றைப் பாதையிலிருந்து தள்ளிக் கொண்டுவந்து போட்டிருக்கிறது. 1918-இல் அவர்கள் இதை எழுதினார்கள். கேட்பார் குறைவு. முப்பது ஆண்டு கழித்து ஃபேர் ஐலில் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் ஆய்வு நிலையம் தொடங்கினார். போரில் சிறைப்பட்டிருந்தபோதே அதற்குத் திட்டம் தீட்டியவர் அவர். அந்நிலையத்தின் முதல் இயக்குநர் கென்னத் வில்லியம்சன் வானிலை வரைபடங்களோடு ஒப்பிட்டு இதே கருத்தை விரிவாக்கியபோதுதான் அது பொதுவில் ஏற்கப்பட்டது. அறிவியல் வரலாற்றில் யார் சொன்னார்கள் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது இன்னொரு உதாரணம். அதை இங்கே நீட்டவேண்டாம்.

வசந்தத்துக்கு மட்டுமே உரிய இன்னொரு விலகலும் உண்டு. தெற்கு ஐரோப்பாவோடு நின்றுவிட வேண்டிய பஞ்சுருட்டானும் கொண்டலாத்தியும் மாங்குயிலும், வெதுவெதுப்பான உயர் அழுத்த வானிலையில் உற்சாகமாகப் பறந்து, ஊரைத் தாண்டி வடகடல் தீவுகள்வரை வந்துவிடும். அவற்றைக் காற்று தள்ளவில்லை; நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தாமல் வந்துவிட்டன. நமக்கு நெருங்கிய ஓர் உதாரணமும் ஹெல்கோலாந்தில் இருக்கிறது. களக்காடு முண்டந்துறைக் காடுகளில் குளிர்காலம் முழுவதும் ஒரே மரக்கூட்டத்தைத் தன் எல்லையாக வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருக்கும் பச்சை இலைக்கதிர்க்குருவி, சித்திரையில் நம் மலைகளை விட்டு வடக்கே புறப்படும் இனம். அதன் இனப்பெருக்க எல்லை ஆசியாவின் குறுக்கே பால்டிக்வரை போகிறது. மே கடைசியிலும் ஜூனிலும் கிழக்குக் காற்றோடு வெப்பம் வந்தால் சில ஆண் குருவிகள் ஹெல்கோலாந்துக்கும் வந்து, துணை கிடைக்காத தோட்டத்தில் பாடிக்கொண்டிருக்கும். அங்கே வசந்தம் என்பது பறவை வந்துசேரும் காலம். நமக்கு அது பறவை போய்விடும் காலம். கோடியக்கரையின் உப்பளங்களும் மன்னாரின் சேற்றுநிலங்களும் பங்குனி சித்திரையில் காலியாகும்போது, அங்கிருந்து கிளம்பும் உள்ளான்களின் உடலில் ஏறியிருக்கும் கொழுப்பைத்தான் நாம் பார்க்க முடியும். அது எப்படிச் செலவாகிறது என்பதைப் பார்க்க வேறு கடலுக்குப் போகவேண்டும்.

அந்தச் செலவுக் கணக்கு மிகப் பெரிதாக நடப்பது மெக்ஸிகோ வளைகுடாவில். தீவுகளைப் பற்றிய கேள்விக்குத் தெளிவான பதில் கிடைத்ததும் அங்கேதான். அதுவும் ஒரு சண்டையின் வழியாக. யுகடான் தீபகற்பத்திலிருந்து லூசியானா, அலபாமா கரைகளுக்கு ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் நீர். மாலை இருட்டியதும் புறப்படும் பறவைகள் மறுநாள் பகலில் கரையை அடையும். மூன்று நான்கு கிராம் எடையுள்ள ஹம்மிங்பறவைகூட இதில் உண்டு. 1945-இல் டெக்சஸின் ஜார்ஜ் வில்லியம்ஸ் ‘ஆக்’ இதழில் ஒரு கேள்வியையே தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதினார்: பறவைகள் வசந்தத்தில் இந்த வளைகுடாவைக் கடக்கின்றனவா? இல்லை என்பது அவர் பதில். கடந்து வந்தால் லூசியானாவின் கடற்கரையில் நாள்தோறும் கூட்டம் கூட்டமாக இறங்க வேண்டாமா? நல்ல வானிலையில் கரை வெறிச்சோடிக் கிடக்கிறது. மோசமான வானிலையில்தான் பறவைகள் தென்படுகின்றன. எனவே அவை மேற்கே டெக்சஸ் வழியாகவோ கிழக்கே ஃப்ளோரிடா வழியாகவோ நிலத்தைச் சுற்றிக்கொண்டு வருகின்றன என்றார்.

லூசியானா அரசுப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் லோவரி இதே தகவல்களை வைத்துக்கொண்டு நேர்மாறாகப் படித்தார். ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த பறவைக்குப் பின்காற்று இருந்தால் இன்னும் ஐம்பது கிலோமீட்டர் பறப்பது பெரிதல்ல. கரையில் உள்ளது சதுப்பும் மணல்திட்டும். உள்ளே தள்ளி அடர்ந்த காடு. நல்ல நாளில் அது கரையைத் தாண்டிப்போய்க் காட்டில் இறங்கும். வடக்கிலிருந்து குளிர்காற்று மோதும் நாளில், கையிருப்புக் கொழுப்பு தீர்ந்து, கண்ணில் பட்ட முதல் நிலத்தில் விழும். கடற்கரையின் வெறுமை வலசை இல்லாததற்குச் சான்றல்ல. வலசை நல்லபடி நடப்பதற்கே சான்று என்றார் லோவரி. 1948-இல் யுகடானின் ப்ரொக்ரெஸோவில் தொலைநோக்கியை முழுநிலாவின் மேல் நிறுத்தி, நிலாவட்டத்தைக் குறுக்கே கடக்கும் பறவை நிழல்களை எண்ணினார். அவை கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. 1960-களில் சிட்னி கோத்ரோ லூசியானாவின் வானிலை ரேடார் திரையில் அந்தக் கூட்டங்கள் வளைகுடாவிலிருந்து ஏறிவந்து கரையைத் தாண்டி உள்நாட்டுக் காடுகளில் இறங்குவதையே காட்டிவிட்டார்.

கேட்கேயையும் வில்லியம்ஸையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. ஒருவர் கண்டத்தில் பறவை தென்படாததால் அது அங்கே இறங்கவே இல்லை என்றார். மற்றவர் கரையில் பறவை தென்படாததால் அது அந்த வழியாக வரவே இல்லை என்றார். இருவருமே பார்த்ததைச் சரியாகப் பார்த்தார்கள். பார்க்காததை வைத்துத் தீர்ப்புச் சொன்னார்கள்.

அட்லாண்டிக்கின் இந்தப் பக்கமும் அதே செய்திதான். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் ரேடார் திரைகளில் காரணம் தெரியாத புள்ளிகள் நகர்ந்தன. அவற்றில் பறவைகளும் இருப்பதை டேவிட் லாக்கும் ஜார்ஜ் வார்லியும் 1945-இல் எழுதினார்கள். 1950-களில் நார்ஃபக் கரையின் ரேடாரில் லாக் இரவிரவாகப் பார்த்தபோது, வலசை அகன்ற முகப்பாகக் கடலைக் கடப்பதும், கரையிலும் தீவிலும் இறங்கும் கூட்டங்களுக்கும் அதற்கும் ஒத்துவராததும் தெரிந்தது. அத்தோடு ‘தீவின் எண்ணிக்கை வலசையின் அளவு’ என்ற நம்பிக்கை முடிந்துபோயிற்று. பட்டியல் போடுகிறவர்கள் மட்டும் இன்னும் அதை விடவில்லை. அமெரிக்காவின் டாஃபின் தீவில் ஏப்ரலில் குளிர்முனை மோதிய மறுநாள் மரத்துக்கு மரம் கதிர்க்குருவி இருந்தால், ‘அருமையான ஆண்டு’ என்றே பேச்சு இருக்கும். அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் கடலில் விழுந்தவை எத்தனை என்பதை யாரும் பட்டியலில் எழுத முடியாது.

அப்படியானால் தீவுகளை விட்டுவிடலாமா? ரேடார் இருக்கும்போது கம்பிவலைப் பொறி எதற்கு? ரேடாரின் திரையில் பறவைக்குப் பெயர் இல்லை. இனம், ஆண் பெண், வயது, எடை எதுவும் தெரியாது. சாட்சியிடம் சரியான கேள்வி கேட்டால் பதில் வரும்.

முதல் கேள்வி நாள். தினமும் ஒரே தோட்டத்தில், ஒரே முறையில், ஒரே நேரங்களில் பொறியை நடந்து, பத்து இருபது ஆண்டு சேர்த்தால் அந்தந்த வானிலையின் ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டி, ஒவ்வோர் இனமும் கடக்கும் சராசரித் தேதி தெளிந்து வருகிறது. ஹெல்கோலாந்தில் 1960 முதல் 2000 வரை இப்படிச் சேர்ந்த தகவல்களை ஓமோ ஹுப்பொப்பும் கத்ரின் ஹுப்பொப்பும் 2003-இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். 24 இனங்கள். பெரும்பாலானவை முன்னதாக வரத் தொடங்கியிருந்தன. தெளிவான மாற்றம் காட்டியவற்றில் ஆண்டுக்கு 0.05 முதல் 0.28 நாள்வரை நகர்வு. நாற்பது ஆண்டில் இரண்டு நாளிலிருந்து பதினொரு நாள். வட அட்லாண்டிக்கின் காற்றழுத்த ஊசலாட்டம் மேற்குக் காற்றையும் மிதமான வெப்பத்தையும் கொண்டுவந்த ஆண்டுகளில் பறவைகள் சீக்கிரம் வந்தன. சகாராவுக்குத் தெற்கே போய்வரும் நெடுந்தூரப் பறவைகளுக்கும் இது பொருந்தியது பலர் எதிர்பாராதது. அவை பகல் நீளத்தை மட்டும் பார்த்துக் கிளம்புகின்றன, வழியில் மாற்றிக்கொள்ளா என்ற எண்ணம் அதுவரை வலுவாக இருந்தது.

இந்த முடிவை எடுத்த எடுப்பில் நல்ல செய்தியாகப் படிக்கக் கூடாது. நெதர்லாந்தில் கூடுகட்டும் கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பானின் வருகை நாள் நகரவில்லை என்று கிறிஸ்டியான் போத்தும் மார்செல் விஸ்ஸரும் 2001-இல் காட்டியிருந்தார்கள். குஞ்சுகளுக்கு வேண்டிய கம்பளிப்பூச்சிகள் மட்டும் முன்னே நகர்ந்துவிட்டன. பூச்சிக்காலம் மிகவும் முந்திய காடுகளில் அந்த இனம் இருபதாண்டில் 90 சதவீதம்வரை குறைந்துபோனது 2006-இல் வெளியாயிற்று. ஹெல்கோலாந்தைக் கடப்பவை பெரும்பாலும் ஸ்காண்டிநேவியாவுக்குப் போகும் பறவைகள். நெதர்லாந்தின் காட்டில் இறங்குபவை வேறு கூட்டம். தீவு கடந்துபோவதைச் சொல்லும். போய்ச்சேர்ந்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு அங்கேதான் கேட்கவேண்டும்.

இரண்டாவது கேள்வி உடல். இங்கே தீவுக்கு நிகர் இல்லை என்பேன். இத்தாலியில் ஃபெர்னாண்டோ ஸ்பீனாவின் முயற்சியில் 1988-இல் தொடங்கிய ‘சிறு தீவுகள் திட்டம்’ மத்தியதரைக் கடலின் பல தீவுகளில் ஒரே நேரத்தில், ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை, வலை விரித்தது. சகாராவையும் கடலையும் அடுத்தடுத்துக் கடந்து வந்த பறவைகளின் நெஞ்சை ஊதிப் பார்த்தால் தோலுக்கடியில் மஞ்சள் கொழுப்பு எவ்வளவு மிச்சம் என்பது தெரியும். சிலவற்றில் ஒன்றுமே இருக்காது. பறக்கும் தசையையே எரித்து வந்திருக்கும். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால் வருவதும் இனத்துக்கு இனம் இங்கே அளக்கப்பட்டது. பிறகு ரோமுக்குத் தெற்கே உள்ள வென்டொடேனேயில் தோட்டக் கதிர்க்குருவிகளின் முதுகில் சிறு ரேடியோக்களை ஒட்டி, முழுத் தீவையும் கண்காணித்தார்கள். கொழுப்பு உள்ளவை இறங்கிய அன்றிரவே கிளம்பின. இல்லாதவை தங்கின. மிசிசிப்பிக் கரையோரத்து ஷிப் தீவிலும் இதையே கண்டிருந்தார்கள்: பெரும்பாலானவை ஒரு நாள்கூட நிற்பதில்லை, மெலிந்தவைதான் தங்கும். தீவில் இரண்டாம் நாள் நாம் பார்க்கும் பறவை, வந்தவற்றில் பலவீனமானது. எண்ணிக்கையின் மீது நம்பிக்கை வைக்கக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

ஹெல்கோலாந்தில் இதை இன்னும் நுணுக்கமாகக் கேட்டது வீட்டியர் என்ற பறவையிடம். தரையில் ஓடிப் பூச்சி பிடிக்கும், வெள்ளைப் பிட்டமுள்ள சிறு குருவி. தீவில் வசந்தத்தில் இரண்டு கூட்டம் கலந்து இறங்கும். ஒன்று ஸ்காண்டிநேவியாவுக்குப் போவது. அதற்கு முன்னால் உள்ள கடல் 400 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். மற்றது ஐஸ்லாந்துக்கும் கிரீன்லாந்துக்கும் போவது. அதற்கு 1,500 கிலோமீட்டருக்கு மேல் கடல் காத்திருக்கிறது. ஃபோல்க்கர் டியர்ஷ்கேயும் ஹைக்கோ ஷ்மால்யோஹனும் அவர்களுடன் வேலை செய்தவர்களும் கடற்கரையில் மின்தராசுகளை வைத்து, தட்டில் புழுக்களைப் போட்டார்கள். வண்ண வளையம் போட்ட குருவி புழுவைத் தின்ன வந்து ஏறும். எடையைத் தூரத்திலிருந்தே படித்துக்கொள்ளலாம். ஸ்காண்டிநேவியக் குருவி கொழுப்பைப் பற்றி அதிகம் கவலைப்படாமல் கிளம்பிவிட்டது. கிரீன்லாந்துக்குப் போகிறது நின்று, தின்று, பெருத்து, காற்றுச் சாதகமாகும் இரவில் புறப்பட்டது. ஒரே கற்குவியலில் அருகருகே ஓடித்திரியும் இரண்டு குருவிகளில் ஒன்றுக்குத் தீவு வழியில் ஒரு கல். மற்றதற்கு அது கடைசிச் சந்தை. ராணுவத் துல்லியத்தோடு கோபுரமும் செயற்கைக்கோளும் வைத்து வலசையைத் தொடரும் இந்தக் காலத்தில், எனக்கு இந்தப் புழுத்தட்டும் தராசும்தான் மிக அழகான சோதனையாகப் படுகிறது.

தங்குகிறவை மெலிந்தவை என்றால், தீவில் அவற்றுக்கு நேரும் எதுவும் இரட்டிப்பாக வலிக்கும். காப்ரி தீவில் வசந்தத்தில் கடல்தாண்டி வந்து விழும் காடைகளை வலைபோட்டுப் பிடித்து விற்ற வருமானத்தில் ஆயரின் பங்கு பெரிது. அவரைக் காடைகளின் ஆயர் என்றே சொல்வார்கள். ஸ்வீடன் மருத்துவர் ஆக்செல் முந்தே அந்தத் தீவின் பார்பரோஸா மலையை விலைக்கு வாங்கி அதன் மேல் பிடிப்பதை நிறுத்தினார். இப்போது அங்கே வலை விரிப்பவர்கள் வளையமிடும் ஆய்வாளர்கள். மால்ட்டாவில் கதை முடியவில்லை. ஐரோப்பாவின் பறவைகள் நெறிமுறை 1979 முதலே வசந்தகால வேட்டையைப் பொதுவில் தடுக்கிறது. விதிவிலக்குக் கோரிய மால்ட்டாவுக்கு எதிராக 2009-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015 ஏப்ரலில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ 2,200 வாக்கு வித்தியாசத்தில் வேட்டை நிலைத்தது. இலையுதிர்காலத்தில் சுடப்படும் பறவைகளில் பாதிக்கு மேல் அந்த ஆண்டுக் குஞ்சுகள். பல எப்படியும் குளிர்காலத்தைத் தாண்டா. வசந்தத்தில் சுடப்படுவது பாலைவனத்தையும் கடலையும் தாண்டித் தப்பிவந்தது, இன்னும் சில வாரங்களில் முட்டையிடப் போவது. எண்ணிக்கை குறைவு என்று வேட்டைக்காரர்கள் சொல்லும் சமாதானம் இந்தக் கணக்குக்கு எதிரில் நிற்காது.

துப்பாக்கியைவிடப் புதிய ஆபத்து வெளிச்சம். கலங்கரை விளக்கத்தைச் சுற்றி இரவு முழுக்கச் சுழன்று மோதி விழும் பறவைகளைக் கேட்கேயும் கிளார்க்கும் எழுதியிருக்கிறார்கள். இப்போது ஹெல்கோலாந்தின் வடக்கே கடலில் மூன்று காற்றாலைத் திடல்களில் 208 விசிறிகள் நிற்கின்றன. 2014, 2015-ஐ ஒட்டி மின்சாரம் தரத் தொடங்கியவை. அவற்றைப் பராமரிக்கும் படகுகள் தீவின் துறைமுகத்திலிருந்தே கிளம்புகின்றன. தீவுக்கு அது பெரிய வருமானம். போர்க்கும் தீவுக்கு அப்பால் 2003 முதல் நிற்கும் ஃபினோ-1 என்ற ஆய்வு மேடையில் மோதி இறந்த பறவைகளை ஹுப்பொப்பும் உடன்பணியாளர்களும் பொறுக்கி எண்ணினார்கள். பாதிக்கும் மேல் இரண்டே இரவுகளில் இறந்திருந்தன. இரண்டும் மூடுபனியும் தூறலுமான இரவுகள். தீவில் பறவைகள் குவியும் அதே வானிலை.

வலசையின் அளவைச் சொல்ல உதவாத தகவல் இங்கே உயிர்காக்கும் தகவலாகிறது. ஆபத்து ஆண்டு முழுவதும் பரவியிருந்தால் விசிறிகளை நிறுத்தச் சொல்ல முடியாது. சில இரவுகளில் மட்டும் குவிந்திருந்தால் சொல்லலாம். நெதர்லாந்து 2023 மே 13 அன்று அதைச் செய்தது: போர்செலே, எக்மொண்ட் ஆன் ஸீ என்ற இரண்டு கடல் காற்றாலைத் திடல்களில் நான்கு மணி நேரம் விசிறிகளின் வேகத்தை நிமிடத்துக்கு இரண்டு சுற்றாகக் குறைத்தார்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான முன்கணிப்பு இரண்டு நாள் முன்பே அந்த இரவைச் சுட்டியிருந்தது. அந்தக் கணிப்பு பறவைகள் திரளாகக் கிளம்பும் இரவைத் தேடுகிறது. தீவுகளின் குறிப்பேடுகள் தேடச் சொல்வது அதில் ஒரு பகுதியை: திரளாகக் கிளம்பி, பாதிக் கடலில் வானம் மூடிக்கொள்ளும் இரவு. அந்த இரவுகள் எவை, எந்தக் காற்றழுத்த அமைப்பில் வருகின்றன என்பது தேதியோடு ஹெல்கோலாந்திலும் ஃபேர் ஐலிலும் மே தீவிலும் எழுதப்பட்டுக் கிடக்கிறது.